ஞாயிற்றுக்கிழமை வந்த கடிதம்

அந்த நாற்காலி வேண்டாம் மணிமொழி, ஒரு கால் ஆடும். ஜன்னல் பக்கம் இருக்கிறதே, அதில் உட்கார். மலையிலிருந்து பஸ்ஸில் இறங்கி வந்திருக்கிறாய், களைப்பாக இருக்கும்.

உன் கேள்வி சின்னக் கேள்விதான். உன் அப்பா கரியாலூரிலிருந்து எழுதி அனுப்பிய கடிதம் எந்தக் கிழமை என் கைக்கு வந்தது என்று கேட்கிறாய். செவ்வாய்க்கிழமை என்று அன்றைக்கே போலீஸில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். உன் அம்மாவிடமும் அப்படித்தான் சொன்னேன். மலையில் நம் கிழங்கு கொட்டகையைப் பார்த்துக்கொண்ட வேடியப்பன் ஞாயிற்றுக்கிழமை என்கிறான். காலில் வெட்டுக் காயத்தோடு உன்னிடம் வைத்தியத்துக்கு வந்தவன், டாக்டரம்மா யார் மகள் என்று தெரிந்ததும் தானாகவே சொல்லியிருக்கிறான். பதினாலு வருஷம் கழித்து அவனுக்குக் கிழமை எப்படி ஞாபகம் இருக்கிறது என்று நான் கேட்கலாம். கேட்கப்போவதில்லை. ஆனால் கிழமையை மட்டும் சொன்னால் நீ தப்பாக எடுத்துக்கொள்வாய். அதனால் முதலிலிருந்து சொல்கிறேன்.

எழுபத்து நாலில் நானும் உன் அப்பாவும் அந்த சேகோ பாக்டரியை ஆரம்பித்தோம். மலையில் குச்சிக்கிழங்கு விளைகிறது, அரைத்து ஜவ்வரிசி ஆக்கச் சேலத்துக்குப் போகிறது, நாமே வடக்கனந்தலில் அரைத்தால் என்ன என்று யோசனை சொன்னவன் அவன். ஊர் ஊராகப் போய் விவசாயிகளைப் பங்கு வாங்க வைத்தவன் நான். கம்பெனிக்குப் பெயர் வைக்கும்போது, "உங்க அம்மா பேரே இருக்கட்டும் கொளஞ்சி, ராசியான பேரு" என்றான். பூமாலை ஸ்டார்ச் லிமிடெட் என்று பதிவு செய்தோம். தன் அம்மா பெயரை வைக்க வேண்டும் என்று அவன் ஏன் ஒரு வார்த்தை கூடச் சொல்லவில்லை என்று எனக்கு அப்போதே தோன்றியது. நான் எதையும் கவனிக்கிறவன்.

எண்பத்தேழு சித்திரையில் சேலத்து வெங்கடேசன் நம் பங்குகளை வாங்க ஆரம்பித்தான். அவனுக்கு அங்கே ஏற்கெனவே மூன்று ஆலை இருந்தது. நேராக எங்களிடம் வரவில்லை. ஏஜெண்டுகளை விட்டான். அவர்கள் விவசாயிகளின் வீட்டுக்குப் போய், போட்டதற்கு மேல் தருகிறோம் என்று சொல்லிப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினார்கள். ஆடி முடிவதற்குள் நூற்றுக்கு நாற்பத்து நாலு பங்கு அவன் கையில். அதற்குப் பிறகுதான் ரிஜிஸ்டர் தபால் வந்தது. பங்குதாரர்களின் விசேஷக் கூட்டம் கூட்ட வேண்டும், என்னையும் என்னோடு இருக்கும் டைரக்டர்களையும் நீக்க வேண்டும், அவன் சொல்லும் ஆட்களை உட்கார வைக்க வேண்டும் என்று. செப்டம்பர் இருபத்தொன்று, திங்கட்கிழமை, பாக்டரி ஆபீஸிலேயே கூட்டம் என்று முடிவானது.

நாங்கள் சும்மா இருக்கவில்லை. மெட்ராஸில் வக்கீல் வைத்தோம். மீதியிருந்த விவசாயிகளிடம் போய், விற்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டோம். ஆனால் ஒரு விஷயம் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. எந்த ஊரில் யாரிடம் எத்தனை பங்கு, எந்த வீட்டில் கல்யாணம் வைத்திருக்கிறார்கள் என்பது வரைக்கும் வெங்கடேசனின் ஆட்களுக்குத் தெரிந்திருந்தது. பங்குதாரர் பதிவேடு என் அறை பீரோவில் இருந்தது. ஒரு சாவி என்னிடம். இன்னொன்று உன் அப்பாவிடம். எந்தப் பங்குதாரரும் எழுதிக் கேட்டால் பதிவேட்டைப் பார்க்கலாம், வெங்கடேசன் அப்படித்தான் பார்த்திருப்பான் என்று வக்கீல் சொன்னார். அது சட்டம். நான் மனிதர்களைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

பங்கு நிலவரம் இவ்வளவுதான். வெங்கடேசனிடம் நாற்பத்து நாலு. என்னிடமும் என்னைச் சேர்ந்தவர்களிடமும் முப்பத்தெட்டு. உன் அப்பாவிடம் பதினெட்டு. அவன் எந்தப் பக்கம் சாய்கிறானோ அந்தப் பக்கம் கம்பெனி.

ஆவணி மாதம் நம் லாரி டிரைவர் ஒருவன் வந்து, ஆத்தூரில் ஒரு ஓட்டலில் உன் அப்பாவும் வெங்கடேசனும் ஒரே மேஜையில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததாகச் சொன்னான். மறுநாள் கேட்டேன். மறைப்பான் என்று எதிர்பார்த்தேன்.

"ஆமா, பாத்தேன். டீ வாங்கிக் குடுத்தான். ரெண்டு மணி நேரம் பேசிக்கினு இருந்தோம்" என்றான்.

"இன்னா பேசுனீங்க?"

"இன்னா பேசுவாங்க, எல்லாம் கம்பெனி விஷயந்தான். ஆளு கெட்டவன் இல்ல கொளஞ்சி. பேராசை கொஞ்சம் ஜாஸ்தி, அவ்ளோதான்."

சொல்லிவிட்டுச் சிரித்தான். நீ என் இடத்தில் இருந்து யோசித்துப் பார். மறைக்கிறவனை நம்பலாம், அவனுக்குப் பயம் இருக்கிறது. இப்படித் திறந்து சொல்கிறவன் எல்லாவற்றுக்கும் தயாராகிவிட்டவன் என்று நான் எடுத்துக்கொண்டேன். இப்போதும் அதில் பெரிய தவறு இருப்பதாகத் தெரியவில்லை.

செப்டம்பர் பதினேழிலிருந்து ஒரு வாரம் இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் என்று அறிவித்திருந்தார்கள். நம் ஜாதிக்காரர்கள்தான். எந்த ரோட்டில் யார் மாட்டிக்கொள்வோம் என்று தெரியாது, அதனால் எல்லா டைரக்டர்களும் ப்ராக்ஸி எழுதி வைத்துவிடுவோம் என்று நான் சொன்னேன். ப்ராக்ஸி என்றால், நான் வர முடியாவிட்டால் எனக்குப் பதில் இன்னார் ஓட்டுப் போடலாம் என்கிற தாள். உன் அப்பா என் பெயருக்கு எழுதிக் கொடுத்தான். தாளைப் படிக்கவே இல்லை. நீட்டியதும் கையெழுத்துப் போட்டுவிட்டு, கிழங்கு லாரி வந்துவிட்டதா என்று பார்க்கப் போய்விட்டான்.

அவ்வளவு சுலபமாகக் கையெழுத்துப் போடுகிறவன் இரண்டு விதமாக இருக்கலாம். என்னை முழுக்க நம்புகிறவன். அல்லது அந்தத் தாளுக்கு மதிப்பில்லை என்று தெரிந்தவன். வக்கீலிடம் கேட்டேன். ப்ராக்ஸி கொடுத்தவரே கூட்டத்துக்கு நேரில் வந்து ஓட்டுப் போட்டால் அந்தத் தாள் செல்லாது என்றார். கூட்டத்துக்கு முன்னால் ரத்து செய்கிறேன் என்று எழுதி அனுப்பினாலும் செல்லாது. அப்போது எனக்கு விளங்கிவிட்டது. அவன் வராமல் இருந்தால் பதினெட்டும் நமக்கு. வந்தால், அது அவன் மனசில் இருப்பதைப் பொறுத்தது. ஒரு கம்பெனியை அடுத்தவன் மனசை நம்பி விட முடியாது.

அதனால் பதினைந்தாம் தேதி, செவ்வாய்க்கிழமை, அவனைக் கரியாலூருக்குக் கூட்டிப்போனேன். காரணம் உண்மையான காரணம்தான். கிழங்கை நமக்கு மட்டும்தான் கொடுப்போம் என்று மலை விவசாயிகளிடம் எழுதி வாங்க வேண்டும். அப்படி ஒரு கட்டு கடிதம் இருந்தால் வெங்கடேசன் பாக்டரியை எடுத்தாலும் அரைக்கக் கிழங்கு இருக்காது. வக்கீல் சொன்ன யோசனை. மலையில் ஆதிமூலம் பேச்சுக்கு மரியாதை இருந்தது. என்னைப் பார்த்தால் "வாங்க" என்பார்கள். அவனைப் பார்த்தால் களி கிண்டுவார்கள்.

நம் கிழங்கு கொட்டகைக்குப் பக்கத்தில் ஓர் அறை இருந்தது. அங்கே தங்கினோம். அவன் ஊசிப் பையைக் கதவுக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினான். காக்கித் துணிப் பை. உள்ளே இன்சுலின் பாட்டில்கள், ஐஸ் போட்ட பிளாஸ்க், ஊசி. முப்பது வயதிலிருந்து காலையும் சாயங்காலமும் தானே குத்திக்கொள்கிறவன். வடக்கனந்தலில் அது தெரியாதவர்கள் இல்லை.

புதன்கிழமை மதியம் நான் மட்டும் கிளம்பினேன். ஆபீஸில் கூட்ட வேலை இருந்தது. அவன் இன்னும் நாலு கிராமம் பார்க்க வேண்டும்.

"சனிக்கெழம ஜீப் அனுப்பிடு. மறியல் நடந்தா நடந்தே எறங்கிடுவேன், கவலப்படாத" என்றான்.

அந்த ஒரு வார்த்தைதான். நடந்தே இறங்கிவிடுவேன். அவன் நடப்பான் என்று எனக்குத் தெரியும். முப்பது கிலோமீட்டர் அவனுக்கு ஒன்றுமில்லை. அவன் வேடியப்பனோடு தோட்டத்துப் பக்கம் போயிருந்தபோது என் துண்டையும் செருப்பையும் எடுத்தேன், பக்கத்தில் மாட்டியிருந்த பையையும் எடுத்து ஜீப்பின் பின் சீட்டில் வைத்தேன்.

போலீஸில் சொன்னது வேறு. பை ஜீப்பிலேயே தங்கிவிட்டது, நான் கவனிக்கவில்லை என்று எழுதிக் கொடுத்தேன். நீ முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டாம். என் நோக்கம் என்ன என்று கேள். முன்பு ஒருமுறை திருநாவலூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது அவன் பையை மறந்துவிட்டான். ஒன்றரை நாளில் சோர்ந்துபோய்ப் பந்தலிலேயே படுத்துவிட்டான். ஊருக்கு வந்து ஊசி போட்டதும் சரியாகிவிட்டது. அவன் சோர்ந்து படுக்க வேண்டும், நடந்து இறங்கக் கூடாது, திங்கட்கிழமை சாயங்காலம் வரைக்கும். அவ்வளவுதான். யாரையும் கொல்ல நினைக்கிறவன் நாள் குறித்து வைத்துக்கொள்வானா?

வியாழக்கிழமை மறியல் ஆரம்பித்தது. ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை. பாக்டரிக் கொட்டகையில் கிழங்கு அழுகி நாற்றம் எடுத்தது. சனிக்கிழமை நான் கச்சிராயபாளையம் ரோட்டில் போய்ப் பார்த்தேன். நம் பாக்டரியில் மூட்டை இறக்குகிற கலையரசன் அங்கே மரத்துமேல் உட்கார்ந்திருந்தான். எழுந்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தான்.

"இன்னாங்க, அவசரமா மேல போவணுங்களா?"

"போவணும்னா வுடுவீங்களா?"

"வண்டிய வுட மாட்டோங்க. ஆஸ்பத்திரி, மருந்து, பிரசவம்னா வழி வுடச் சொல்லிக்கிறாங்க. அப்டி எதுனா இருந்தா சொல்லுங்க, நாங்களே கொண்டுபோய் வுடறோம்."

அப்படி எதுவும் இல்லை என்று சொன்னேன். ரோடு அடைத்திருந்ததால் மருந்து போய்ச் சேரவில்லை என்று பிறகு ஊரே பேசியது. மறியல்காரர்கள்தான் உன் அப்பாவைக் கொன்றார்கள் என்று சிலர் சொன்னார்கள். நான் அப்படி ஒரு நாளும் சொன்னதில்லை. மறுக்கவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வேடியப்பன் பாக்டரி வாசலில் வந்து நின்றான். ஆமாம், ஞாயிற்றுக்கிழமை. அவன் சொன்னது சரிதான். காலெல்லாம் சேறு. ஒட்டிய கவர் ஒன்றை நீட்டினான்.

"சனிக்கெழம ஜீப்புல பை வந்துடும்னு மொதலாளி பாத்துக்கினு இருந்தாருங்க, இப்ப எயுந்திருக்க மாட்டேங்கிறாரு. தண்ணி தண்ணின்னு குடிக்கிறாரு. குடிச்சதெல்லாம் வாந்தி எடுக்கிறாரு. ஊசிப் பை இங்க வந்துட்டுதாமே, குடுங்க, நான் எடுத்துக்கினு போறேன்."

"ரோடெல்லாம் அடச்சிக் கெடக்கு."

"நான் ரோட்ல வரலிங்க. காட்டு வழியா எறங்கனேன். அப்டியே ஏறிப் போயிடுவேன். இருட்டறதுக்குள்ள போயிடுவேங்க."

பை அந்த நேரம் என் தலைக்கு மேலே அலமாரியில் இருந்தது. புதன்கிழமையிலிருந்து நான் அதற்குத் தினமும் ஐஸ் மாற்றிக்கொண்டிருந்தேன். மருந்து கெட்டுவிடக் கூடாது, செவ்வாய்க்கிழமை அவனுக்குத் தேவைப்படும் என்பதால். இதை நீ கவனிக்க வேண்டும் மணிமொழி. நான் அவன்மேல் அக்கறை இல்லாதவன் இல்லை.

வேடியப்பனைச் சாப்பிடச் சொல்லிவிட்டுக் கவரை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். அது ப்ராக்ஸியை ரத்து செய்கிற கடிதமாக இருக்கலாம். பிரித்துப் படித்தால் நான் அதற்குக் கட்டுப்பட வேண்டும். படிக்காவிட்டால் என்ன இருக்கிறது என்று தெரியாது. வந்தவுடன் பிரிக்காமல் மேஜையில் போட்டுவிட்டேன், கூட்டம் முடிந்த பிறகுதான் படித்தேன் என்று என் வீட்டுக்காரியிடம், உன் பெரியம்மாவிடம், ஒருமுறை சொல்லியிருக்கிறேன். அவளும் அதை நம்பித்தான் செத்துப்போனாள். அதுவும் உண்மை இல்லை. ஆவியில் காட்டிப் பிரித்தேன். படித்தேன். நம் ஸ்டார்ச் பசையையே தடவித் திரும்ப ஒட்டினேன். அப்புறம் வெளியே வந்து வேடியப்பனிடம் பை இங்கே இல்லை, ஐஸ் வைக்கக் கள்ளக்குறிச்சியில் டாக்டர் வீட்டில் கொடுத்திருக்கிறது, திங்கட்கிழமை சாயங்காலம் வாங்கி அனுப்புகிறேன் என்றேன்.

அவன் உடனே போகவில்லை. வேப்ப மரத்தடியில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தான். மதியம் மறுபடியும் வந்து, "கள்ளக்குறிச்சிக்கி நானே நடந்துபோய் வாங்கிக்கட்டுங்களா?" என்று கேட்டான். டாக்டர் ஊரில் இல்லை என்றேன். அப்புறம் போய்விட்டான்.

திங்கட்கிழமை கூட்டம் நடந்தது. வெங்கடேசன் வரமாட்டான் என்று நினைத்திருந்தோம். வந்தான். சின்னசேலத்துக்கு அப்பால் காரை விட்டுவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ப்ராக்ஸித் தாள்களை பிளாஸ்டிக் பையில் சுற்றி அக்குளில் வைத்துக்கொண்டு, வயல் வரப்பிலேயே நடந்து வந்தான். அந்த விடாப்பிடியை நான் மதித்தேன். ஓட்டெடுப்பில் அவனுக்கு நாற்பத்து நாலு, எங்களுக்கு ஐம்பத்தாறு. பதினெட்டை நான்தான் போட்டேன்.

முடிந்ததும் அவன் என்னிடம் வந்தான்.

"ஆதிமூலம் எங்கீங்க? பாத்து ஒரு வார்த்த சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். ஆத்தூர்ல என்னக் கூப்ட்டு உக்கார வச்சி ரெண்டு மணி நேரம் வுட்டுடு வுட்டுடுன்னு கெஞ்சினாரு. கடைசீல திட்டவும் திட்டினாரு. என் பங்குல ஒண்ணு கூட வாங்க முடியாதுன்னாரு. அப்பவே நான் நிறுத்தியிருக்கணும்."

தோற்றவன் இப்படிச் சொல்வதற்கும் ஒரு காரணம் இருக்கும். எங்கள் இருவருக்கும் நடுவில் எதையாவது போட்டுவிட்டுப் போக வேண்டும் என்று நினைத்திருக்கலாம். அவனுக்கு மோர் கொடுக்கச் சொன்னேன்.

அன்று சாயங்காலம் பையை இரண்டு ஆட்களிடம் கொடுத்து அனுப்பினேன். சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினேன். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது வேடியப்பன் கொட்டகை வாசலில் உட்கார்ந்திருந்தானாம். திங்கட்கிழமை காலையிலேயே உயிர் போய்விட்டது. எங்கள் கூட்டம் பதினோரு மணிக்கு. அது தெரிந்ததும் வெங்கடேசனின் வக்கீல், செத்தவர் ஓட்டு எப்படிச் செல்லும் என்று கேட்டார். எங்கள் வக்கீல் விதியை எடுத்துக் காட்டினார். இறந்த செய்தி கூட்டம் தொடங்குவதற்கு முன் எழுத்து மூலம் கம்பெனிக்கு வந்து சேரவில்லை என்றால் ப்ராக்ஸி செல்லும். வரவில்லை. அதோடு முடிந்தது. மலையிலிருந்து ஏதாவது கடிதம் வந்ததா என்று கேட்டார்கள். செவ்வாய்க்கிழமை வந்தது என்றேன்.

நீ டாக்டர். இன்சுலின் இல்லாமல் அவன் எத்தனை நாள் தாங்கியிருப்பான், ஞாயிற்றுக்கிழமை இருட்டுவதற்குள் பை மேலே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதெல்லாம் உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. நீயே கணக்குப் போட்டுவிட்டுத்தான் வந்திருப்பாய். பிழைத்திருப்பான். எனக்கும் தெரியும். வேடியப்பன் நடக்கிற நடைக்கு ஐந்து மணிக்கே போய்ச் சேர்ந்திருப்பான். பையை ஆணியிலிருந்து எடுத்தது நான். கேட்டு வந்தவனிடம் இல்லை என்றது நான். நீ எழுதிக்கொண்டு வந்தால் கையெழுத்துப் போடுகிறேன். எனக்கு ஆட்சேபணை இல்லை.

கம்பெனி என்ன ஆனது என்றும் நீ கேட்பாய். ஒதுக்கீடு அறிவித்த வருஷம், எண்பத்தொன்பதில், நானே என் பங்குகளை வெங்கடேசனிடம் விற்றுவிட்டேன். தனியாக நடத்த முடியவில்லை. மலைக்காரர்கள் கிழங்கு கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். என்ன காரணம் என்று யாரும் சொல்லவில்லை. உன் படிப்புக்கு ஏதாவது செய்கிறேன் என்று உன் அம்மாவிடம் அப்போதே கேட்டேன். அவள் வேண்டாம் என்றுவிட்டாள். நீ அந்த ஒதுக்கீட்டில்தான் மெடிக்கல் சீட் வாங்கினாய் என்று கேள்விப்பட்டபோது சந்தோஷப்பட்டேன். நிஜமாகவே.

கடிதத்தை நான் கிழிக்கவில்லை. அந்த மேஜை டிராயரில் இருக்கிறது, எடுத்துக்கொள். பென்சிலில் எழுதியிருக்கிறான், எழுத்து கோணல்மாணலாக இருக்கும். நானே சொல்லிவிடுகிறேன், எனக்கு மனப்பாடம். "கொளஞ்சி, ஊசிப் பை உன்னோடு வந்துவிட்டது. வேடியப்பனிடம் கொடுத்துவிடு. உடம்பு ரொம்ப முடியவில்லை. திங்கட்கிழமை என்னால் வர முடியாது போலிருக்கிறது. என் கையெழுத்து உன்னிடம் இருக்கிறது, நீயே போட்டுவிடு. பயப்படாதே."

இதைப் படித்த பிறகும் ஏன் பையைக் கொடுக்கவில்லை என்று உன் முகம் கேட்கிறது. யோசித்துப் பார். வர முடியாது என்று எழுதுகிறான். மருந்து கைக்கு வந்தால் எழுந்து வந்துவிடலாம். வரமாட்டேன் என்று என்னை நம்ப வைத்துவிட்டு, ஊசி போட்டுக்கொண்டு, திங்கட்கிழமை காலை கூட்டத்தில் வந்து நிற்கலாம். அதற்காகவே எழுதிய கடிதமாக இருக்கலாம். இல்லையென்றால், நான் பயப்படுகிறேன் என்று அவனுக்கு யார் சொன்னது? நான் யாரிடமும் சொல்லவில்லை. பதினாலு வருஷமாக அந்த ஒரு வார்த்தையைத்தான் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன்.

நீ அவனுக்கு ஒரே பெண். உன்னிடம் எதையும் மறைக்க மாட்டான். உண்மையைச் சொல்லும்மா, வெங்கடேசனுக்குப் போடப்போகிறேன் என்று வீட்டில் எப்போதாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறானா?